உப்பிலி என்று கூப்பிட ஆள் இல்லாத வீடு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையையே தனி ஆளாகத் தோளில் தாங்கி நிற்கும் என் மகனுக்கு, மரக்காணத்தில் மூன்று வரிசைப் பாத்தியும் ஓர் ஆயில் என்ஜினும் உன் அம்மாவும் அடங்கிய சாம்ராஜ்யத்தை ஆண்டு வரும் உன் அப்பன் எழுதுவது. இங்கே வெயில் சுகம், காற்று சுகம், உப்பு நன்றாகப் பூக்கிறது. உன் அம்மாவும் சுகம். நானும் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று அவள் சொல்கிறாள். மறுத்துப் பேச எனக்கு அதிகாரம் இல்லை.

போன வாரம் நீ போன் செய்து, "அப்பா, பையனுக்கு உன் பேரையே வைக்கலாம்னு இருக்கோம், இன்னா சொல்ற?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க இன்னா இருக்குது?" என்று சிரித்தாய். இதில் யோசிக்க எவ்வளவு இருக்கிறது என்பதை உனக்குப் போனில் விளக்க முடியாது. உன் பின்னால் ஏதோ ஒரு மெஷின் எப்போதும் எருமை மாதிரிக் கத்துகிறது. நான் மூச்சைப் பிடித்து முக்கியமான இடத்துக்கு வரும்போது "சரிப்பா, டீ பிரேக் முடிஞ்சிட்டுது" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். இதை மருமகள் படிப்பாள், சம்பந்தி படிப்பார், படித்துவிட்டு வானூர் டீக்கடையில் சத்தமாக வாசித்தும் காட்டுவார். வாசிக்கட்டும். நான் இதை ஊரறியத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரின் மகிமையைச் சொல்லிவிடுகிறேன். உப்பிலி என்பது சாதாரணப் பெயர் இல்லை. கும்பகோணத்துப் பக்கம் கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் பெயர். அவர் உண்மையில் ஒப்பிலி, அதாவது தனக்கு நிகராக இன்னொருவர் இல்லாதவர். ஜனங்களின் வாயில் புரண்டு புரண்டு அந்த ஒப்பிலி உப்பிலி ஆகிவிட்டார். அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். பெருமாள் ஒரு கிழவர் வேஷத்தில் வந்து ஒரு முனிவரிடம் அவர் மகளைப் பெண் கேட்டாராம். முனிவர் தகப்பன் அல்லவா, நேராக மறுக்காமல், "சின்னப் பெண், சமையலுக்கு உப்புப் போடக்கூடத் தெரியாது" என்று நழுவப் பார்த்தாராம். "உப்பே வேண்டாம், பெண்ணைக் கொடு" என்று கிழவர் உட்கார்ந்துவிட்டாராம். இன்றைக்கும் அந்தக் கோயில் நைவேத்தியத்தில் உப்புச் சேர்ப்பதில்லை. பெண் கேட்டு வருகிறவனிடம் சாக்குச் சொல்லும்போது யோசித்துச் சொல்லவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை. நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் ஞாபகம் வைத்துக்கொள்.

அங்கே இருக்கிற பெருமாளின் பெயர் இங்கே உப்பளத்துக்காரன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பாய். நம் மூதாதை ஒருவர் உப்பு வண்டி ஓட்டியவர். அவர் வண்டியின் சக்கரம் போன தடத்தில்தான் பிற்பாடு ஆறுகளே ஓடின என்று சொல்வார்கள், சொன்னது நான்தான். அவர் ஒரு முறை அந்தக் கோயிலுக்குப் போய்ப் பிரசாதம் வாங்கி வாயில் போட்டார். உப்பில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை பெரிய சாமி, ஒரு கல் உப்புக்கு வழியில்லாமல் கிடக்கிறாரே என்று, வண்டியில் இருந்த மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி வந்து மடப்பள்ளி வாசலில் தொப்பென்று இறக்கிவிட்டார். உள்ளே இருந்தவர்கள் கரண்டியோடு துரத்திக்கொண்டு வந்தார்களாம். தஞ்சாவூர் எல்லை வரைக்கும் துரத்தினார்களாம். தெரியாமல் செய்த தப்புக்குப் பரிகாரமாக, அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளைக்கு உப்பிலி என்று பெயர் வைத்தார். இது நடந்ததா என்று கேட்காதே. நம் குடும்பத்து ஆட்களைப் பார்த்தால் நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பங்காளிகள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: பிள்ளை பிறந்த அன்று பெய்த கோடை மழையில் அளத்தில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து போக, வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற தகப்பன் "உப்பு இல்லை, உப்பு இல்லை" என்று புலம்ப, அதையே பெயர் என்று நினைத்து மருத்துவச்சி பிள்ளையின் காதில் ஓதிவிட்டாளாம். பங்காளிகள் சொல்வதை நான் எப்போதுமே நம்புவதில்லை.

எப்படியோ, அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்தது, அதன்பின் வெளியே போகவில்லை. தாத்தனிடமிருந்து பேரனுக்கு, ஒரு தலைமுறை தாண்டித் தாண்டி வந்துகொண்டே இருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரை உடையவன். பேத்தி, பெயர்த்தி. மற்ற ஊர்களில் பேரனுக்கு நிலம் எழுதிவைப்பார்கள், நகை செய்து போடுவார்கள். நம் வழக்கத்தில் அவனுக்கு முதலில் கிடைப்பது ஒரு கிழவனின் பெயர். என் பாட்டன் உப்பிலி, அதனால் நான் உப்பிலி. என் அப்பா ஏழுமலை, அதனால் நீ ஏழுமலை. இதுவரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது.

பெயரை வைத்துவிட்டார்கள், கூப்பிடுவது யார்? என்னைக் கூப்பிட வேண்டியவள் என் அம்மா. அவளுக்கு உப்பிலி மாமனார் பெயர், மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அடுத்து என் அப்பா. அவருக்கு அது பெற்ற தகப்பன் பெயர், அதைச் சொல்லி அதட்டினால் நாக்கு அழுகிவிடும். ஆக, இந்தப் பூமியில் எனக்குப் பெயர் வைத்த இரண்டு பேரும் அதை ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. அம்மா "ராசா" என்றாள், கோபம் வந்தால் "சனியனே" என்றாள். அப்பா "டேய்" என்றார், கோபம் வந்தாலும் "டேய்" என்றார். சிநேகிதர்கள் சுருக்கி "உப்பு" என்றார்கள். பின்னால் இருந்த 'இலி' போய்விட்டதால் உப்பு இல்லாதவன் ஒரே நாளில் உப்பாகவே ஆகிப்போனேன். முழுப் பெயரைச் சொன்னவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரும், பேங்கில் டோக்கன் கூப்பிடுகிறவரும், ஆஸ்பத்திரி நர்சும்தான். இன்றைக்கும் யாராவது "உப்பிலி" என்று முழுசாகச் சொன்னால், யாரோ ஊசியோடு நிற்கிறார்கள் என்று சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்புறம் கல்யாணம் ஆனது. உன் அம்மா செல்வி வந்தாள். அவளுக்கு உப்பிலி புருஷன் பெயர், அதனால் சொல்லக்கூடாது. ஏழுமலை மாமனார் பெயர், அதையும் சொல்லக்கூடாது. பிற்பாடு உனக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. அப்படியானால் அவள் "ஏங்க", "தம்பி" என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டியிருக்கலாம், பல பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். உன் அம்மா எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பெயரைச் சொல்லக்கூடாது என்றால் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது என்று எடுத்துக்கொண்டாள். உப்பிலிக்குள் உப்பு இருக்கிறது. ஏழுமலைக்குள் ஏழு இருக்கிறது. மலை நம் ஊர்ப்பக்கம் கிடையாது, அதனால் அது ஒன்றுதான் தப்பித்தது. உப்பு என்று சொல்லாமல், ஏழு என்று எண்ணாமல், உப்பு விளைவித்து எண்ணி விற்கிற ஊரில் குடித்தனம் நடத்திய ஒரே பெண்மணி இந்த ஈரேழு உலகத்திலும் உன் அம்மாதான். ஈரேழு என்று நான் எழுதலாம். அவள் சொல்லவேண்டி வந்தால் பதினாலு என்பாள்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு புது வியாபாரி லாரியோடு வந்தான். நான் என்ஜினைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் இருந்தேன். உன் அம்மா கரையில் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் யானை யானையாக உப்புக் குவியல், மேலே கீற்று போட்டு மூடி இருந்தது. "இன்னாம்மா சரக்கு?" என்று கேட்டான். "அதாங்க" என்றாள். "எது?" "இங்க வேற இன்னா இருக்குது, அதுதான்." "மூடி வெச்சிருக்கீங்களே, கருவாடா?" "அய்ய, வெள்ளையா இருக்கும்ங்க. கடல் தண்ணியில இருந்து வர்றது." "இறாலா?" "வாயில வெச்சா கரிக்கும்ங்க" என்றாள். அந்த ஆள் பயந்துபோனான். ஏதோ கள்ளச் சரக்கு, பெயரைச் சொல்லவே யோசிக்கிறார்கள் என்று நினைத்து லாரியைத் திருப்பிக்கொண்டு எதிர் அளத்துக்குப் போய் அஞ்சலையிடம் வாங்கிக்கொண்டான். அஞ்சலை இன்று வரைக்கும் தீபாவளிக்கு உன் அம்மாவுக்கு அதிரசம் கொடுத்தனுப்புவது அந்த நன்றிக்காகத்தான்.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும், நீ பக்கத்தில்தான் நின்றாய். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னார்கள். புது ஹெட்மாஸ்டர், "பையன் எந்த வகுப்பும்மா?" என்று கேட்டார். "ஆறு முடிச்சிட்டான் சார், எட்டுக்கு இன்னும் போகல" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப நடுவுல எங்கம்மா இருக்கான்?" என்றார். "நடுவுலதான் சார் இருக்கான்" என்றாள். பையன் பேர் என்ன என்று அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். உன் அம்மா உன் தோளில் கையை வைத்து முன்னால் தள்ளி, "தம்பி, சார் கிட்ட பேரு சொல்லு" என்றாள். அம்மாவுக்குப் பிள்ளையின் பெயரும் தெரியவில்லை, வகுப்பும் தெரியவில்லை என்று அவர் அன்றைக்கு முடிவு கட்டியிருப்பார். நீ காது சிவக்க நின்றாய் என்று வீட்டுக்கு வந்து சொல்லி அவளே சிரித்தாள்.

நானும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். காரணம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நீ பத்தாவது படிக்கும்போது ஒரு முறை, "எதுக்கு எப்பப் பாத்தாலும் டேய் டேய்னு, நான் இன்னா மாடா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். மாட்டுக்கு நம் வீட்டில் பெயர் இருந்தது, லட்சுமி. அதை எல்லோரும் சத்தமாகத்தான் கூப்பிட்டோம். உன் பெயர் என் அப்பாவின் பெயர், அதுதான் காரணம். "ஏழுமலை, இங்க வா" என்று நான் கூப்பிட்டிருந்தால் நீ வருவதற்குமுன் அவர் வந்திருப்பார், கையில் குச்சியோடு. மருமகள் வந்த புதிதில் உன்னைப் பார்த்து, "ஏழுமலை, டவல் எடுத்துட்டு வா" என்றாளே, அன்றைக்கு நான் ஆடிப்போனேன். செத்துப் போன என் தகப்பனையே டவல் எடுத்து வரச் சொல்கிறாளே, என்ன துணிச்சல் என்று நினைத்தேன். அவள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் ஆயுள் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. எடைதான் கூடியிருக்கிறது.

உன் அம்மா இதை ஒப்புக்கொள்ளமாட்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள், அதை அவள் என் உயிருக்குப் போட்ட வேலி மாதிரிக் காத்து வருகிறாள். வரப்பில் கட்டுவிரியன் என் கால்மேல் ஏறி இறங்கிப் போனது, கடிக்கவில்லை. ஈசிஆர் ரோட்டில் லாரி என் சைக்கிளைத் தட்டியது, சைக்கிள் போனது, நான் இருக்கிறேன். புயலில் கூரை பறந்தது, அதன் அடியில் படுத்திருந்தவன் பறக்கவில்லை. எல்லாம் அவள் வாயைக் கட்டியதால் நடந்தது என்பது அவள் கட்சி. நான் இதுவரைக்கும் சாகாமல் இருப்பதால் அவள் வாதத்தை உடைக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்போது புரிகிறதா ஏன் யோசித்தேன் என்று. உன் பையனுக்கு உப்பிலி என்று வைத்தால், அவனைப் பெற்ற அப்பனுக்கு அது தகப்பன் பெயர். நீ எவ்வளவு கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டினாலும், அவனை அதட்ட வாயைத் திறக்கும்போது என் மூஞ்சி குறுக்கே வந்து நிற்கும். "டேய்" என்றுதான் வரும். உன் அம்மாவுக்கு உப்பு என்ற ஒரு சொல்லே தொண்டை தாண்டாது. ஆசைப்பட்டு வைத்த பெயரை ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் மட்டும் கேட்டு வளர்கிற இன்னொரு பையன் இந்தக் குடும்பத்துக்கு எதற்கு? வேண்டாம் என்று எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். மருமகளின் தங்கை போனில் தேடி எடுத்து வைத்திருக்கிறாளாமே, ரித்விக், தக்ஷித் என்று தும்மல் மாதிரி ஏதேதோ, அதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் இருந்தேன். பெயர் என்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுப்படியிலிருந்து ஒருத்தி கூப்பிட்டால் தெருவில் விளையாடுகிறவன் திரும்பிப் பார்க்கவேண்டும். அதற்கு உதவாத பெயர் பட்டுச்சட்டை மாதிரி பெட்டிக்குள்தான் கிடக்கும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான், கடிதத்தில் வேறெங்கும் தேடாதே.

எழுதுவதற்குமுன் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.

"உம் புள்ள போன் பண்ணான். பையனுக்கு எம் பேர வைக்கப் போறானாம்."

அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நல்லா வைக்கட்டும்."

"நீ எப்படிக் கூப்புடுவ?"

"எல்லாரும் கூப்புடற மாதிரிதான்."

"எங்க, ஒருவாட்டி கூப்புடு பாக்கலாம்."

"இப்ப எதுக்கு? புள்ள இங்கியா இருக்குது?" என்று சொல்லிவிட்டுக் களைந்த தண்ணீரை என் காலடியில் ஊற்றினாள்.

மறுநாள் அளத்தில் நான் ஒரு பாத்தியில் பலகை போட்டு உப்பை இழுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அடுத்த பாத்தியில். "உப்... உப்..." என்று ஒரு சத்தம் வருகிறது. திரும்பிப் பார்த்தால் நிற்கிறது. நான் குனிந்தால் மறுபடி "உப்". எதிர் கரையில் இருந்த அஞ்சலை தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாக்கா, காலையில இருந்து விக்கல்? யாரோ நினைக்கிறாங்க போல. குடி."

"விக்கல் இல்லடி" என்றாள் உன் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் அஞ்சலை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ்ளோதானா? மாமா பேரச் சொல்றதுக்கா இந்தப் பாடு? நான் சொல்றேன் பாரு, உப்பிலி, உப்பிலி, உப்பிலி. மாமா, உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"முட்டியில லேசா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன். உன் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு முழுக்க அந்த "உப்" வரவேயில்லை. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, "வேணாம்னு எழுதிடறேன் செல்வி, வேற பேரு வைக்கட்டும். நீ நிம்மதியாக் கூப்புடலாம்" என்றேன்.

செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை வரப்பில் தேய்த்தாள். பிறகு, "தம்பி பால்வாடி போறப்ப வந்து கேட்டான், 'எம் பேரு இன்னாம்மா, டீச்சர் கேக்கறாங்க'ன்னு. எனக்குச் சொல்ல வாய் வரல. அப்பாகிட்ட கேளுன்னேன். நீங்களும் சொல்லல, அஞ்சலை வீட்டுக்கு அனுப்பி வெச்சீங்க. பெத்த புள்ளைக்கு அவன் பேர எதிர் அளத்துக்காரி சொல்லித் தந்தா" என்றாள். "வேற பேர நான் யார வேணும்னாலும் கூப்புடுவேன். எனக்கு இந்தப் பேரக் கூப்புடணும். வேணாம்னு எழுதாதீங்க. கொஞ்சம் பொறுங்க."

உன் அம்மா என்னிடம் பொறுங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வழக்கமாக அவள் கேட்காமலே நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுதாமல் நிறுத்திவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் மருமகளையும் குழந்தையையும் பார்க்க வானூருக்குப் புறப்பட்டோம். போகிற வழியில் இரும்பை ஊர்ச் சிவன் கோயிலில் இறங்கவேண்டும் என்றாள். இரும்பை போகிற வழியில் இல்லை, எந்த வழியிலும் இல்லை, பஸ் மாறி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகவேண்டும். "பெருமாள் பேருக்குச் சிவன்கிட்ட இன்னா பஞ்சாயத்து?" என்று கேட்டேன். "உங்க ஆயுசப் பத்தி கேக்கணும், அவருகிட்டதான் கேக்கணும்" என்றாள். உள்ளே போய் வெகு நேரம் நின்றாள். இரண்டு பெரிய சாமிகளுக்கு நடுவில் என் உயிரை வைத்து என்ன பேரம் நடக்கிறதோ என்று நான் வெளியே செருப்புக்குக் காவல் இருந்தேன். வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆவாதுன்னா சொல்லி இருப்பாரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சம்பந்தி வீட்டில் எனக்குக் கூடத்தில் நாற்காலி போட்டு காபி கொடுத்தார்கள். உன் மாமனார், விளைந்த மணிலாக்கொட்டைக்கு விலை இல்லை என்பதை ஆதிகாலத்திலிருந்து ஆரம்பித்தார். உன் அம்மா உள்ளறைக்குப் போய்விட்டாள். அங்கே மருமகளும் குழந்தையும். தூளி ஆடுகிற சத்தம் கேட்டது, குழந்தை சிணுங்குவது கேட்டது, மருமகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பிறகு எல்லாம் நின்றது. உன் மாமனார் மணிலாவில் முக்கியமான கட்டத்தில் இருந்தார்.

"உப்பிலி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

மெதுவாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது. அந்தக் குரலை நான் ஆயிரம் குரலில் கண்டுபிடிப்பேன், ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. காபி டம்ளரோடு எழுந்து கதவருகே போய், "இன்னா செல்வி?" என்றேன்.

குழந்தை அவள் மடியில் இருந்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்கள இல்ல" என்றாள்.

மருமகள் சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே அது மறுபடி கேட்டது, பிறகு இன்னொரு தரம், உப்பிலி கண்ணு, உப்பிலி ராசா, உப்பிலி பாலு குடிச்சிட்டானா, என்று மதகு திறந்த மாதிரி. உன் மாமனார், "உங்களக் கூப்புடறாங்க போல இருக்குதே சம்பந்தி" என்றார். இல்லைங்க, நீங்க மணிலாவைச் சொல்லுங்க என்றேன். ஒரு விஷயம் உனக்கு ருசுவாகச் சொல்லிவிடுகிறேன், அன்றிரவு முழுக்க உன் அம்மா தூங்கவில்லை, நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிந்தபோது நான் உயிரோடு இருந்தேன். அதன் பிறகுதான் எனக்கே டீ வந்தது.

ஆகவே, மரக்காணம் சமஸ்தானத்தின் தீர்ப்பு இது. பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீ அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், என் எதிரிலும் கூப்பிடவேண்டும். திட்டவேண்டி வந்தால் அதையே சொல்லித் திட்டு. "உப்பிலி, அறிவு இருக்குதா" என்று நீ கேட்கும்போது நான் பதில் சொல்லமாட்டேன், அவன் சொல்லட்டும். பெரியவனான பிறகு அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளட்டும், எந்தப் பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் உப்பில்லாத சோற்றையே பொறுத்துக்கொண்டவர்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்யவேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். புதன்கிழமை உனக்கு லீவு, போன் செய்வாய். நான்தான் எடுப்பேன். எடுத்ததும் உன்னை ஏழுமலை என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டு நாளாக என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பழகுகிறேன், பாதி வரைக்கும் வருகிறது. அன்றைக்கும் "டேய்" என்றே வந்துவிட்டால் போனை வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு.

இப்படிக்கு,
முன்னாள் உப்பிலி